கழற்றிப் பூட்டிய எஞ்சின்

காரோட்டத் தெரிந்தோர் நம்மிடையே பலர். காரை ஓடச் செய்வது யாதென அறிந்தோர் சிலரே. மேல் வகுப்பில் எஞ்சினின் படத்தை வரைந்து, பகுதிகளைக் குறித்துப் புள்ளிகள் பெற்ற நாமும் நெடுங்காலம் முதற் கூட்டத்தையே சேர்ந்திருந்தோம்.

எமது இல்லத்து மொறிஸ் மைனர் கார் தந்தையார் வாங்கியது. அதன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. 1956 முதல் 1962 வரை அவ்வகைக் கார்களிற் பூட்டப்பெற்றது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்நாளில் சிறிதளவு பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். நோயாளரையும் பேறுகாலப் பெண்டிரையும் ஆசுபத்திரி சேர்த்த அத்தகைய கார்களுள் எமதும் ஒன்று.

அதற்குரிய விலையை எஞ்சின் கொடுத்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதன்று. ஆவியாகாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படையைக் கழுவிக் கீழிறங்கி, அங்குள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். உலோகத்தோடு உலோகம் உரசும், கரி படியும். பிற்காலத்திற் பெற்றோல் தாராளமாகக் கிடைத்த பின்னும் எமது கார் புகை கக்கியது. நால்வர் ஏறினால் இளைத்தது. பழைய இரும்புக்கு விற்றுவிடுமாறு உறவினர் கூறினர். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையில் அவர் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். அதுவே எமக்கு விடையாயிற்று.

அயலிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவரை நாடினோம். “தம்பி, நான் பக்கத்திலை இருந்து சொல்லுவன். கழற்றிப் பூட்டுறது நீர்தான்” என்றார் அவர்.

கழற்றிய ஒவ்வொன்றையும் சாக்கின்மேல் வரிசை பிறழாது வைத்தோம். வால்வுகளை இயக்கும் எட்டுக் கோல்களையும் துளையிட்ட மட்டையில் ஒழுங்காகக் குத்தினோம். ஒன்றாகத் தேய்ந்தவை பழைய இடத்திற்கே மீளவேண்டும் என்றார் பெரியவர். அளந்தபோது சிலிண்டரின் மேற்பகுதியே மிகத் தேய்ந்திருந்தது. மேல் றிங் திரும்பும் இடம் அது. வெப்பம் மிகுதி, எண்ணெய் குறைவு. சிலிண்டர்களைக் கடைந்து பெரிய பிஸ்ரன்கள் இட்டோம். கிராங் தண்டை அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு குறையக் கடைவித்து, அதற்கிசைந்த பெயாரிங்குகளைப் பொருத்தினோம். வால்வுகளை அவற்றின் இருக்கையில், அறாத சாம்பல் வளையம் தோன்றுமளவும் தேய்த்தோம். தலைப்பகுதியின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிச் சிறிது சிறிதாக முறுக்கினோம். “அவசரப்பட்டால் தலை வளையும்” என்பது பெரியவரின் எச்சரிக்கை. ஈற்றில் வால்வு இடைவெளியை ஆயிரத்தில் 12 பங்காக அமைத்து, மின்பொறி 1, 3, 4, 2 என்ற முறையிற் செல்லுமாறு கம்பிகளை இணைத்தோம்.

எண்ணெய் எங்கும் பரவும்பொருட்டு முதலிற் கைபிடியாற் சுழற்றினோம். சாவியைத் தந்தையாரிடம் கொடுத்தோம். இருமுறை இருமிய எஞ்சின் மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டுத் தலையசைத்தார்.

வகுப்பில் நாம் வரைந்த படத்திலே தேய்மானம் இருக்கவில்லை. எந்த இயந்திரமும் தன் வரலாற்றைத் தேய்மானத்திலேயே எழுதி வைக்கிறது. அதனை வாசிக்கக் கையும் அளவுகோலும் வேண்டும். வாசிக்கக் கற்பிக்கும் முதியோர் நம் அயலிலே அருகி வருகின்றனர். இளமாணவர்காள், அவர்கள் உள்ளபோதே அருகிருந்து கேளுங்கள்.