மேஜைக்கு எம்.பி. வேண்டாம்!

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனுக்கு ஒரே பெண். ப்ளஸ் டூ படிக்கிறது. சாயந்திரமானால் மாடிப்படியில் மூன்றாவது படியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஐந்தாவது படியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதும். 'முதுகை இப்படியெல்லாம் வளைக்காதீர்கள்' என்று டாக்டர்கள் ஒரு படம் போட்டுக் காட்டுவார்களே, அச்சு அசல் அதே போஸ்!

ஒரு நாள் என் வாய் சும்மா இருக்காமல், "உனக்கு நான் ஒரு மேஜை பண்ணித் தரேம்மா" என்று சொல்லிவிட்டது.

அந்தப் பெண் நம்பிவிட்டது. அதுதான் பிரச்னை.

சகதர்மிணிக்கு விஷயம் தெரிந்ததும், "நீங்க பண்ணின ஸ்டூல்ல எங்கம்மா ஒரு தடவை உட்கார்ந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். இருந்தது. மாமியாருக்கும் இருந்தது. எலும்பு டாக்டருக்குக்கூட இருக்கும்.

"கடையில வாங்கிக் கொடுத்துட்டா என்ன?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் வாட்ச்மேன் ரூம் எட்டுக்கு எட்டு. கட்டில், காஸ் அடுப்பு, ட்ரங்குப் பெட்டி போக மிச்சம் இருப்பது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். அந்த சைஸில் எந்தக் கடையிலும் மேஜை இல்லை. மரம் வாங்கிச் செய்யலாம் என்றால், தேக்கு விலையைக் கேட்டு எனக்கே ஒரு நாற்காலி தேவைப்பட்டது.

அப்போதுதான் மச்சினர் பையன் வழி சொன்னான். அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. "மாமா, எங்க ஏரியாவுக்கு வாங்க. வெளிநாட்டுலேர்ந்து மெஷின், பார்ட்ஸ் எல்லாம் பேலட்ல வருது. சாமானை எடுத்துட்டுப் பேலட்டைத் தூக்கிப் போட்டுடறாங்க. எல்லாம் பைன் மரம்!"

பேலட் என்றால் வேறொன்றுமில்லை. கல்யாண மணைக்கு அண்ணன். ஃபோர்க்லிஃப்ட் வண்டி தன் இரண்டு இரும்புக் கைகளையும் நுழைத்துத் தூக்குவதற்காக, அடியில் சந்து விட்டு அடித்த பலகை மேடை. உலகத்தில் எத்தனையோ சரக்கு இந்த மணையில் உட்கார்ந்துதான் ஊர்வலம் போகிறது.

பூந்தமல்லியில் பஸ் ஏறினேன். செம்பரம்பாக்கம், தண்டலம் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் இங்கே ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, ராமானுஜர் அவதரித்த ஊருக்குப் போகிற இந்த ரோட்டின் ஜாதகமே மாறிவிட்டது. முன்னால் ஒரு கன்டெய்னர், பின்னால் ஒரு கன்டெய்னர், நடுவில் சாண்ட்விச் மாதிரி எங்கள் பஸ்.

இறங்கி நடந்தால் எங்கே பார்த்தாலும் பேலட்! டீக்கடை பெஞ்சு பேலட். கோழிக்கூண்டு பேலட். இளநீர்க்காரர் குலைகளை அடுக்கியிருந்த மேடை பேலட். மழையில் நனையாமல் ஆடு நிற்பதற்கு ஒரு வீட்டு வாசலில் போட்டிருந்ததும் பேலட். ஜெர்மனியிலிருந்தோ கொரியாவிலிருந்தோ கடல் கடந்து வந்த மரத்தின் மேல் நின்று ஆடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கம்பெனி காம்பவுண்டு சுவரை ஒட்டி இருபது பேலட் அநாதையாகக் கிடந்தது. 'ஆஹா!' என்று ஒன்றைத் தூக்கினேன். விசில் சத்தம். செக்யூரிட்டி ஓடிவந்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"சும்மா கிடந்துச்சே..."

"சும்மா கிடந்தா? உங்க பைக்கு ரோட்டோரமா சும்மா கிடந்தா எடுத்துட்டுப் போவலாமா?"

வயதான காலத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். (நீங்கள் பேலட் தேடிப் போனால் முதல் பாடம் இது. கேட்டு எடுங்கள். பல கம்பெனிகளில் பழைய பேலட்டுக்குக் கான்ட்ராக்ட் இருக்கிறது.) அவரே மனமிரங்கி, எடுப்பவர்களின் பழைய மரக் கடைக்கு வழி காட்டினார்.

கடையா அது? இரண்டு மாடி உயரத்துக்கு பேலட் மலை! டர்ப்பன்டைனும் சாம்பிராணியும் கலந்த மாதிரி பைன் வாசனை. நிழலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆணியும் எடைக்குப் போகுமாம்.

எனக்கு ஒரு பேலட் கண்ணில் பட்டது. நல்ல கனம், சிவப்பாக, தேக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. 200 ரூபாய்தான் என்றார் கடைக்காரர். பர்ஸை எடுத்துவிட்டேன்.

"சார், அது எதுக்கு?" என்று ஒரு குரல். மூலையில் ஒரு கட்டை மேல் எழுபது வயதுப் பெரியவர். காதில் பென்சில். மடியில் இழைப்புளி.

"மேஜை பண்ணப் போறேன் ஐயா."

"யார் உக்காரப் போறது?"

"ஒரு பொண்ணு. பரீட்சைக்குப் படிக்கிறதுக்கு."

"அப்ப அது வேணாம். அது எம்.பி."

திரும்பிப் பார்த்தேன். பேலட்தான் இருந்தது. பாராளுமன்ற உறுப்பினர் யாரையும் காணோம்.

பெரியவர் எழுந்து வந்து பேலட்டின் பக்கவாட்டில் சூடு போட்ட முத்திரையைக் காட்டினார். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், ஐ.பி.பி.சி. என்று எழுத்து, நாட்டின் பெயருக்கு இரண்டெழுத்து, ஒரு நம்பர், கடைசியில் எம்.பி. "எம்.பி.ன்னா மெத்தில் புரோமைடு. பூச்சி சாக விஷ வாயு அடிச்ச மரம். அடிச்ச வாயு காத்தோட போயிரும்னு சொல்லுவாங்க. போயிருக்கும்தான். ஆனா ராவும் பகலும் ஒரு புள்ள மூக்கை வெச்சுப் படிக்கப்போற மேஜைக்கு அந்தச் சந்தேகம் எதுக்கு? ஹெச்.டி.ன்னு போட்டதா எடுங்க. அது வெறும் சூடு காட்டின மரம்."

இந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு வண்டு இருக்கிறது. ஆசியாவின் நீளக் கொம்பு வண்டு, பேக்கிங் மரத்துக்குள் ஒளிந்து ஓசியில் கப்பல் ஏறி, 1996-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அது துளைத்த மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டியதாயிற்று. இந்த மாதிரி விருந்தாளிகளைத் தடுக்கத்தான் 2002-ல் உலக நாடுகள் ஒரு விதி கொண்டுவந்தன. கடல் கடக்கும் பேக்கிங் மரத்தின் நடு நெஞ்சு வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, 30 நிமிஷம் நிற்க வேண்டும். அதுதான் ஹெச்.டி. அல்லது மெத்தில் புரோமைடு அடிக்க வேண்டும். அது ஓசோன் படலத்தையும் பதம் பார்க்கிற வாயு. ஐரோப்பிய நாடுகள் 2010-லேயே அதைக் கைவிட்டுவிட்டன.

"உங்களுக்கு எப்படி ஐயா இவ்வளவு தெரியும்?"

"அந்தச் சூடு ரூம்ல நான்தானே சார் இருந்தேன்!" என்று சிரித்தார்.

ஆசாரி பரம்பரை. வாசக்கால், நிலை, கதவு என்று தேக்கில் செய்த கை. ரெடிமேட் கதவு வந்ததும் வேலை குறைந்தது. பேலட் செய்யும் கம்பெனியில் சேர்ந்து பல வருஷம் பலகை அடித்து, சூடு காட்டி, முத்திரை குத்தியிருக்கிறார். இப்போது அதே பேலட்டைப் பிரித்துக் கொடுக்கிறார்.

"நான் அடிச்ச பேலட்டு எந்தெந்த தேசமோ போயிருக்கு சார். நான் தாம்பரம் தாண்டினதில்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல?

அவரே தேட ஆரம்பித்தார். எண்ணெய்க் கறை பட்டதைத் தள்ளினார். ஒன்றை மோந்து பார்த்து, "ஏதோ கெமிக்கல் கொட்டியிருக்கு" என்று ஒதுக்கினார். முத்திரையே இல்லாததையும் தொடவில்லை. "நீல பெயிண்ட் அடிச்சது எங்கயாவது பார்த்தாலும் வாங்காதீங்க. அது வாடகைக்கு விடற கம்பெனியோட சொத்து" என்றார். கடைசியில் மூன்று தேறியது. மூன்றிலும் ஹெச்.டி. ஒன்றில் நாட்டின் இடத்தில் 'கே.ஆர்.' (விஜயா இல்லை, கொரியா!)

பிரிக்க நான் கடப்பாரையைத் தூக்கினேன். "ஐயோ, நெம்பாதீங்க! இது முறுக்கு ஆணி, சும்மா வராது. பலகைதான் பிளக்கும். சந்துல ஆக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுங்க. தலை பலகையிலயே இருக்கட்டும், பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா அது மேல இழைப்புளி போட்டுராதீங்க. பழைய ஸ்பீக்கர் காந்தம் இருந்தா பலகை முழுக்கத் தடவிப் பாருங்க. ஒடிஞ்ச ஆணி உள்ள இருந்தா காட்டிக் குடுத்துரும்."

பைன் மரத்துக்குக் கரையானைத் தாங்கும் சக்தி கிடையாது, ஈரத் தரையில் காலை நேரே ஊன்றாமல் ரப்பர் புஷ் போடு என்றும் சொன்னார். எல்லாவற்றையும் பஸ் டிக்கெட் பின்னால் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது பெரியவர் கேட்டார்.

"அந்தப் பொண்ணு எந்தக் கையில எழுதும்?"

முழித்தேன்.

"உக்காந்தா முழங்கை தரையிலேர்ந்து எவ்வளவு உசரம்?"

மறுபடி முழித்தேன். ஆறு மாசமாக தினமும் இரண்டு வேளை அந்தப் படியைத் தாண்டிப் போகிறேன். அந்தப் பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.

"பார்த்துட்டு வந்து மரத்தைத் தொடுங்க சார்" என்றார். "மரம் எங்க கிடைச்சாலும் மரம்தான். ஆளைப் பார்த்து செஞ்சாத்தான் மேஜை."

மூன்று பேலட்டுக்கு 750 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்த குட்டியானைக்கு 1,500! மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் செலவு அதிகம்.

அன்று சாயந்திரம் படியருகே நின்று பார்த்தேன். இடது கை! லைட் வலது பக்கம் வர வேண்டும், புத்தகத் தட்டும் வலது பக்கம்தான். இன்ச் டேப்பை எடுத்து முழங்கை உயரம் அளந்தபோது அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தது.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஆக்ஸா பிளேடு ஆறு உடைந்தது. கட்டை விரல் இரண்டு முறை சுத்தியலுக்கு வழி மறித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் நான் சர்க்கரைப் பொங்கல் மேல் முந்திரிப் பொடி தூவினாற்போல் ஆனேன். ஆனால் மேஜை நின்றது, நாலு காலிலும்! ரூமில் அந்த மூன்றடி இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. முத்திரை இருந்த துண்டை மட்டும் இழைக்காமல் தட்டின் பக்கவாட்டில் வைத்திருந்தேன். பெண் விரலால் தடவிப் பார்த்து, "இது என்ன அங்கிள்?" என்றது. "பாஸ்போர்ட்" என்றேன்.

போன வாரம் வாட்ச்மேன் குறைப்பட்டுக்கொண்டார். "சார், ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டை அணைன்னா அணைக்க மாட்டேங்குது. மேஜையை விட்டு எழுந்திருச்சாத்தானே!"

சகதர்மிணியும் போய்ப் பார்த்தாள். மேஜையை ஆட்டிப் பார்த்தாள். அது ஆடவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"மிச்ச மரம் இருக்கா?" என்று கேட்டாள். "செருப்பு ஸ்டாண்டு ஒண்ணு வேணும்."

காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கேட்டேன்: "யார் யார் செருப்பு? என்னென்ன சைஸ்?"