கண் பரிசோதனை அட்டை பிறந்த ஊரில் ஒரு கோடைப்பள்ளி!

கண் ஆஸ்பத்திரிச் சுவரில் மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சிறுத்துப்போகும் வரிகள்... அந்த அட்டையை 1862-ல் உருவாக்கியவர் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற கண் மருத்துவர். ஊர், நெதர்லாந்தின் உட்ரெக்ட்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் பல நாட்டு மாணவர்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள். 1636-ல் தொடங்கிய உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் சம்மர் ஸ்கூல், ஐரோப்பாவின் பெரிய கோடைப்பள்ளிகளில் ஒன்று. உயிர் மருத்துவம், சுகாதாரம் சார்ந்த குறுகியகாலப் படிப்புகளும் அதில் உண்டு.

கால்வாய்க்கரை காபிக்கடைகளைத் தாண்டி டிராமில் ஏறினால், ஊரின் கிழக்கு ஓரத்தில் சயின்ஸ் பார்க். பல்கலைக்கழக மருத்துவமனை, குழந்தைகளுக்கான புற்றுநோய் மையம், ஹூப்ரெக்ட் ஆய்வு நிறுவனம் எல்லாம் நடந்துபோகிற தூரம்தான். நோயாளியின் படுக்கைக்கும் ஆய்வக மேஜைக்கும் இடையே இவ்வளவு குறைந்த தூரம் இருப்பதுதான் இந்த இடத்தின் பலம்.

2009-ல் ஹூப்ரெக்ட்டில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு, எலியின் ஒரே ஒரு ஸ்டெம் செல்லிலிருந்து குட்டிக் குடலை வளர்த்துக் காட்டியது. 'ஆர்கனாய்டு' என்று பெயர். நுரையீரலைச் சளி அடைத்துக்கொள்ளும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கு இது கைகொடுத்தது. நோயாளியின் குடலிலிருந்து துளி திசு எடுத்து ஆர்கனாய்டு வளர்ப்பார்கள். ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் ஆரோக்கியமான ஆர்கனாய்டு பலூன் மாதிரி உப்பும், நோயாளியுடையது அசையாது. மருந்தையும் சேர்த்த பிறகு உப்பினால், அந்த மருந்து அவருக்குக் கேட்கும்! அரிய மரபணுக் கோளாறு கொண்ட ஓர் இளைஞருக்கு இப்படித்தான் மருந்து கிடைத்தது. இல்லாவிட்டால், அவ்வளவு விலையுள்ள மருந்தை அவருக்கு யார் கொடுத்துப் பார்த்திருப்பார்கள்?

இன்னொரு சுவாரஸ்யம்... ஃபோர்ஸ்கோலின் கிடைப்பது, நம் சேலம் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கன் கிழங்கிலிருந்து!

அரிசிக்கும் இந்த ஊருக்கும்கூடத் தொடர்பு இருக்கிறது. தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நடக்க முடியாமல் விழுவதை ஜாவா தீவில் கவனித்த கிறிஸ்டியான் எய்க்மன், பின்னர் இங்கேதான் பேராசிரியர் ஆனார். வைட்டமின் ஆய்வுக்கு வழிவிட்ட அந்தக் கண்டுபிடிப்புக்கு 1929-ல் நோபல் பரிசு.

பெற்றோர் கவனிக்க: இரண்டு வாரச் சான்றிதழ் மருத்துவப் பட்டம் ஆகாது, அதைக் காட்டி சீட்டும் கேட்க முடியாது. கட்டணம், தங்குமிடம், விமான டிக்கெட், ஷெங்கன் விசா எல்லாம் சேர்ந்தால் கணிசமான தொகை. கடன் வாங்கி அனுப்ப வேண்டிய படிப்பு அல்ல. ஆராய்ச்சியா, டாக்டர் வேலையா என்று குழம்பி நிற்கும் கல்லூரி மாணவருக்கு, உதவித்தொகையும் கிடைத்தால், தாராளமாகப் போகலாம். விசாவுக்கு மட்டும் முன்கூட்டியே விண்ணப்பித்துவிட வேண்டும்.