வெந்நீரில் நனைந்த தேள்

வரவேற்பறைப் பெண் குனிந்து வணங்கிவிட்டு, சின்னக் காகித உறை ஒன்றை இரண்டு கைகளாலும் நீட்டினார். உள்ளே இரண்டு ஸ்டிக்கர்கள். உள்ளங்கை அகலம், தோல் நிறம். எந்தத் தோலின் நிறம் என்பதில்தான் சிக்கல்.

அம்மாவுக்கு 66 வயது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவர். மகள் ஜப்பானில், ஃபுகுவோகா நகரத்தில் வேலை பார்க்கிறாள். மகளோடு இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த அம்மா, வந்த நாளிலிருந்து அவளுடைய சமையலறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முட்டிவலி வேறு. ‘ரெண்டு நாளாவது சும்மா இரும்மா’ என்று கட்டாயப்படுத்தி பெப்புவுக்கு அழைத்து வந்திருந்தாள் மகள். எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் 2 மணி நேரப் பயணம்.

பெப்பு, க்யூஷூ தீவின் கிழக்குக் கரையில் மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர். அந்த ஒரே ஊரில் 2,000-க்கும் அதிகமான வெந்நீர் ஊற்றுகள். ஜப்பானில் வேறெந்த ஊரிலும் இத்தனை கிடையாது. வீட்டுக் கூரைகளுக்கு நடுவிலிருந்து ஆவி, சாலையோரச் சாக்கடை மூடியின் இடுக்கிலிருந்து ஆவி.

“என்னடி இது, ஊரே உலை வெச்ச மாதிரி இருக்கு!” என்றார் அம்மா.

ஓட்டலும் அவருக்குப் பிடித்துவிட்டது. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அதற்கே பாதி மதிப்பெண். அறையில் கட்டில் இல்லை, கோரைப்பாய் விரித்த தரை, அதன்மேல் மெத்தை. மீதி மதிப்பெண்ணும் கிடைத்தது. குளத்தில் இறங்குவதற்கு முன் குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு உடம்பைக் கழுவிவிட வேண்டும் என்று மகள் விளக்கியபோது, “பின்னே? அழுக்கோடவா இறங்குவாங்க?” என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் பார்வை அம்மாவின் வலது கையில் விழுந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு புள்ளிக்கோலம், அதற்கும் மேலே கொடுக்கைத் தூக்கிய ஒரு தேள். 57 வருஷத்துப் பச்சை.

ஜப்பானிய வெந்நீர்க் குளங்கள் பலவற்றில் பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை. உடம்பு முழுக்க ஓவியம் தீட்டிக்கொள்ளும் யாகுசா ரவுடிக் கும்பல்களை நினைத்து வைத்த விதி. 2015-ல் அந்நாட்டுச் சுற்றுலாத் துறை கேட்டபோது, பதில் சொன்ன விடுதிகளில் 56 சதவீதம் அனுமதிப்பதில்லை என்றன. 13 சதவீதம், மூடிக்கொண்டால் சரி என்றன. பச்சை குத்துவதையே 1872-ல் தடை செய்து, 1948 வரை குற்றமாக வைத்திருந்த நாடு அது. ஒகினாவா தீவுகளின் பெண்கள் காலங்காலமாகத் தங்கள் கைகளில் குத்திக்கொண்டிருந்த பச்சையும் 1899-ல் தடையானது. ரவுடிகளுக்கும் அந்தப் பாட்டிகளுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் குளியலறை வாசல் பலகையில் இவ்வளவு விவரம் எழுத இடம் ஏது!

மகள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

“ஏன், தண்ணியில சாயம் போவுமாமா?”

“இல்லம்மா. இங்க ரவுடிங்கதான் குத்திப்பாங்களாம்.”

அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். “இந்தத் தேளுக்கா பயப்படுறாங்க?” என்று சிரித்தார்.

அறைக்கு வந்து ஸ்டிக்கரை ஒட்டிப் பார்த்தார்கள். வெளுத்த சந்தன நிறம். அம்மாவின் மாநிறக் கையில், எலும்பு முறிந்து கட்டுப் போட்டதுபோல் இருந்தது. இரண்டையும் ஒட்டியும் தேளின் கொடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா மெதுவாகப் பிய்த்து எடுத்தார்.

“நீ போய்க் குளிச்சுட்டு வா கண்ணு. நான் ரூம்லயே இருக்கேன்.”

கோபமில்லாத குரல். மகளுக்கு அந்தக் குரல் தெரியும். ஏழாம் வகுப்பில், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள், ‘கையை மூடிக்கிட்டு வாம்மா, எல்லாரும் பாக்குறாங்க’ என்று அவள் சொன்னபோது, ‘சரி கண்ணு’ என்ற அதே குரல். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அம்மாவின் முந்தானை முன்னால் வந்து வலது கையின் மேல் விழுந்திருக்கும். சென்னையின் மே மாதப் புழுக்கத்திலும்.

மகள் கீழே இறங்கிப் போய்க் கேட்டாள். குடும்பத்துக்கென்று தனியாக வாடகைக்கு விடும் குளம் ஒன்று இருந்தது. ராத்திரி 9 மணிக்கு, 50 நிமிஷம். அங்கே விதி எதுவும் இல்லை. முதலிலேயே கேட்டிருக்கலாம்தான்.

கல் பதித்த சின்னக் குளம். மேலே பாதி கூரை, மீதி வானம். மகளுக்கு முன்னால் என்றாலும் அம்மாவுக்குக் கூச்சம். துண்டைச் சுற்றிக்கொண்டே கழுவிக்கொண்டார். துண்டு நீரில் படக்கூடாது என்றதும் விளக்கை அணைக்கச் சொன்னார். இறங்கியவர் சுடுகிறதென்று இரண்டு முறை ஏறிவிட்டு, மூன்றாம் முறை கழுத்து வரை அமிழ்ந்து, “அப்பாடி” என்றார். பிறகு வெகுநேரம் பேச்சே இல்லை.

“இதை யாரும்மா குத்தினது?” என்றாள் மகள். 34 வயதில் முதல்முறையாகக் கேட்கிறாள்.

“குறத்திதான். அறுப்பு முடிஞ்ச நேரம், எனக்கு ஒம்போது வயசு. அகத்திக்கீரையும் மஞ்சளும் அரைச்சு, துணியில தடவி, விளக்குல எரிச்சு எடுத்த கரி. அதுல தாய்ப்பால் ஊத்திக் குழைச்சு, ஊசியால குத்துவா. வலி தெரியாம இருக்கப் பாட்டுப் பாடுவா. நான் அந்தப் பாட்டை மீறிக் கத்தினேன். எங்க ஆயாதான் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ரெண்டு படி நெல்லு குடுத்துச்சு.”

“தேள் எதுக்கு?”

“குத்திக்கிட்டா தேள் கடிக்காதாம். ஆனா கடிச்சுது.” அம்மா சிரித்தார். தண்ணீரில் தேள் அசைந்தது. “செத்துப்போனா நகையை எல்லாம் கழட்டிடுவாங்க, இதை எவனும் கழட்ட முடியாதுன்னு ஆயா சொல்லும். அதுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எனக்கு அதோட ஞாபகம்னா இதுதான்.”

மகளுக்குத் தொண்டை அடைத்தது. “அம்மா, நான் ஏழாம் கிளாஸ் படிக்கிறப்போ...”

“அதையா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கே? திரும்பு, முதுகு தேய்க்கிறேன்.”

அன்று ராத்திரி, யுகாதா அங்கியை வலப்பக்கம் மேலே வரும்படி கட்டிக்கொண்டு வந்தார் அம்மா. அப்படிக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும் என்று பதறி, மகள் மாற்றிக் கட்டிவிட்டாள். பத்தரைக்குப் படுத்தவர், தினமும் நாலரைக்கு எழுந்து பாத்திரம் உருட்டுகிறவர், மறுநாள் காலை ஏழே கால் வரை தூங்கினார். மூச்சு வருகிறதா என்று மகள் இரண்டு முறை குனிந்து பார்த்தாள்.

காலையில் கன்னாவா பகுதிக்குப் போனார்கள். அங்கே பூமியிலிருந்து வரும் ஆவியிலேயே சமைக்கிறார்கள். பூசணி, சர்க்கரைவள்ளி, சோளத்தைத் தட்டில் அடுக்கி மூடினால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடுகிறது. மீனை ஊறவைத்த சாறு கலக்காத சாப்பாட்டைத் தேடி அலுத்திருந்த அம்மா, கைப்பையிலிருந்து பருப்புப்பொடியை எடுத்தார். “இட்லித் தட்டு கொண்டாந்திருக்கலாம்” என்று ரயில் நிலையம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

நிலையத்துக்கு முன்னால் கல்தொட்டி ஒன்றில் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவர் போகிறவர் கை நனைத்துக்கொள்ள வைத்தது; காசில்லை, பலகையில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பெண்கள் கை நனைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, கோலமும் தேளும் முங்கும்படி கையை உள்ளே விட்டார்.

“ரயிலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”

“இருபது நிமிஷம்.”

“அப்போ இரு” என்றார்.