தேரிநாட்டுப் பனை

திருநெல்வேலிச் சீமையைக் காண வரும் அன்பர்கள் நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களையும், திருச்செந்தூரில் அலைவாய்க் கரையில் நிற்கும் கோபுரத்தையும், பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று பெயர் பெற்ற பேராலயத்தையும் கண்டு மகிழ்ந்து மீள்வர். அவை காணத்தக்கனவே. ஆயினும், அவ்வூர்களுக்கிடையே செல்லும் வழியெல்லாம் நிரைநிரையாய் நின்று அவர்களை வரவேற்கும் பழஞ்செல்வம் ஒன்றைப் பலரும் கண்டும் காணாதவராய்ச் செல்கின்றனர். அதுவே பனை. யானும் அங்ஙனம் கண்டும் காணாதிருந்தவருள் ஒருவன். இக்கட்டுரை அப்பிழையைப் பற்றியது.

எம்மூர் சாத்தான்குளத்திற்குத் தெற்கே உள்ளதொரு சிற்றூர். அப்பக்கத்து நிலம் தேரி எனப்படும் செம்மணற் காடு. காற்று வாரிக் குவித்த மணல் மேடுகள் குருதி நிறமாய்க் கிடக்கும். மழை அருமை, ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. நெல் விளையாத அந்நிலத்தில் எங்கள் முன்னோரை உயிரோடு வைத்தது பனையே. 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பது பழமொழி. பயன் தரப் பல்லாண்டு செல்லும் இம்மரத்தை நட்டவர்கள் தமக்காக நட்டாரல்லர் என்பது இதனாற் புலப்படும்.

என் தாத்தா பனையேறி. அவருக்கு நாற்பது பனைகள் இருந்தன. பாளை வெளிவரும் மாசி தொடங்கி ஆடி வரையில், காலையும் மாலையும் அந்நாற்பதும் ஏறி இறங்குவார். காலிலே தளைநார், கையிலே முறுக்குத்தடி, இடையிலே அரிவாட்பெட்டி. பெட்டிக்குள் பாளையரிவாளும், பாளையை நசுக்கி இளக்கும் கடிப்பும் இருக்கும். பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தை அதிற் கட்டுவார். சுண்ணாம்பு இட்டால் பதநீர். இடாவிடில் அது புளித்துக் கள்ளாகும். எங்கள் வீட்டுக் கலயத்தில் ஒருநாளும் சுண்ணாம்பு தவறியதில்லை. ஆச்சி ஓலை வேய்ந்த விடிலியில் அமர்ந்து பதநீரைத் தாச்சியிற் காய்ச்சுவாள். பொங்கி வழியும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு நுரையை அடக்கி, பாகு பதமானதும் சிரட்டைகளில் வார்ப்பாள். அதுவே கருப்பட்டி. அதை விற்ற காசிலேதான் என் தந்தையார் பள்ளிக்கூடம் சென்றார்.

பாளைக்கு ஓய்வுநாள் இல்லை. ஒருநாள் சீவாது விட்டாலும் ஊற்று அடைபட்டுவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா பின்னிரவிலேயே எழுந்து, விடிவதற்குள் பாதிப் பனைகளை முடித்து, குளித்து, வெளுத்த வேட்டி உடுத்து, இரண்டாம் மணி அடிக்கும்போது ஆலயத்தில் தூணருகே இருப்பார். மரத்தைத் தழுவித் தழுவி அவர் மார்பு காய்த்திருந்தது. சிறுபிள்ளையாகிய யான் ஆராதனை வேளையில் அம்மார்பில் சாய்ந்தால் கன்னத்தில் மரப்பட்டை உராய்வது போலிருக்கும். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய மாலையில் சபைக்கு வேண்டிய குருத்துகளைப் பனையேறி வெட்டி இறக்குவதும் அவருடைய பணியே. அதற்குக் கூலி பெற்றதில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் என்னை இடையன்குடிக்கு அழைத்துச் சென்றார். கால்டுவெல் ஐயர் 1838-இல் சென்னையில் வந்திறங்கி, 1841-இல் அவ்வூரை அடைந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் 1856-இல் வெளியிட்டார். தமிழ் பயிலும் நம்மனோர் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே. அவர் 1847-இல் தொடங்கிய ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. 1891-இல் மறைந்த அவர் அவ்வாலயத்துள்ளேயே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். யான் அண்ணாந்து கோபுரத்தையும் சாளரங்களின் சிற்ப வேலையையும் வியந்து நின்றேன். தாத்தாவோ சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"முப்பத்து மூணு வருசம் ஐயர் ஒருத்தரா நின்னு இதைக் கெட்டினாரு?" என்றார்.

அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. அச்சபையாரிற் பெரும்பாலோர் பனையை நம்பி வாழ்ந்தவர். எங்கள் பக்கத்துப் பழங்கட்டடங்களின் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் நீரோடு கருப்பட்டி நீரும் சேர்ப்பது வழக்கம். புத்தகங்களில் பெயர் பெறாத கைகளைத் தாத்தா அச்சுவரிலே தேடினார் போலும்.

நிற்க. என் பிழைக்கு வருகிறேன். யான் நம் கல்லூரிக்கு வந்த முதலாண்டில், ஒரு மாலை விடுதியின் முற்றத்திலே நண்பர் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஓலைப்பெட்டி ஒன்றைத் தலையிற் சுமந்து தாத்தா வாயிலில் வந்து நின்றார். மேற்சட்டை இல்லை, தோளில் ஒரு துண்டு மாத்திரம். காய்த்த மார்பு எல்லோருக்கும் தெரிந்தது. நண்பருள் ஒருவர், "யார் இவர்?" என்று வினவினார். யான் தயங்காமல், "எங்கள் ஊரார்; கருப்பட்டி விற்பவர்" என்றேன்.

தாத்தாவின் செவியில் அது விழுந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு என் நண்பரை நோக்கி, "ஆமய்யா, ஊர்க்காரன்தான். இவுக வீட்டுல குடுத்துவிட்டாக" என்று சொல்லிப் பெட்டியை என் காலருகே இறக்கி வைத்துவிட்டுப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். என் பொய்யைக் காப்பதற்காகத் தாமும் ஒரு பொய் சொன்னார். அவர் பொய் சொல்லி யான் கேட்டது அஃதொன்றே. அன்றிரவு நண்பர்கள் கருப்பட்டியைப் பகிர்ந்து தின்று அதன் சுவையைப் புகழ்ந்தார்கள். என்னால் ஒரு துண்டும் விழுங்க இயலவில்லை. பேதுருவின் கதையைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். மும்முறை மறுதலிக்க அவருக்கு அச்சமேனும் காரணமாயிருந்தது; எனக்கு அதுவும் இல்லை.

ஓராண்டு கழிந்தது. ஊருக்குச் சென்ற போதெல்லாம் தாத்தா வழக்கம்போல் பேசினார்; யான்தான் அவர் முகத்தை நேரே பார்க்கவில்லை. இவ்வாண்டு தொல்காப்பிய மரபியலைப் பாடங்கேட்டோம். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் ஆசிரியர் வகுத்திருத்தலை எம் பேராசிரியர் விளக்கினார். அம்முறைப்படி பனை மரமன்று, புல். வெளியே வயிரம், உள்ளே மென்மை. அதைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது பனையன்று. ஆராதனை வேளையில் யான் சாய்ந்திருந்த மார்பு.

அன்றே பேராசிரியர் ஓர் ஏட்டுச்சுவடியையும் வகுப்பிற் காட்டினார். சங்கநூல்கள் எல்லாம் இத்தகைய ஓலைகளிலேயே நம்மை வந்தடைந்தன என்றும், உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிப் பொருநைக்கரை ஊர்களுக்கும் வந்து, ஆழ்வார்திருநகரிக் கவிராயர் இல்லத்திலே பத்துப்பாட்டு ஏடு கண்டு, 1889-இல் அந்நூலை அச்சிட்டார் என்றும் கூறினார். பின்பு, "ஓலையை எப்படிப் பதப்படுத்துவார்கள்? அறிந்தவர் உண்டா?" என்று கேட்டார். வகுப்பு மௌனமாயிருந்தது. யான் எழுந்தேன். முற்றலுமின்றி இளங்குருத்துமின்றி நடுத்தரமான ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கு நீக்கி, நிழலில் உலர்த்தி, நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்க்க வேண்டும் என்று சொன்னேன்.

"எங்ஙனம் அறிந்தாய்?" என்றார் பேராசிரியர்.

"என் தாத்தா சொல்லக் கேட்டேன், ஐயா. அவர் பனையேறி" என்றேன்.

அன்று முற்றத்தில் இருந்த நண்பரும் அவ்வகுப்பில் இருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய நாள் ஊருக்குச் சென்றேன். தாத்தாவுக்கு இப்போது எழுபத்துநான்கு வயது. ஏழாண்டுகளுக்கு முன்பே அவர் ஏற்றத்தை நிறுத்திவிட்டார். அவருக்குப்பின் ஏறிவந்தவரும் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார். அவ்வாண்டு குருத்து வெட்ட ஆளில்லை. வெளியூரிலிருந்து தென்னங்குருத்து விலைக்கு வாங்கலாமா என்று சபையார் ஆலோசித்துக்கொண்டிருந்தனர். தாத்தா திண்ணையில் அமர்ந்து ஈர்க்கு வகிர்ந்துகொண்டிருந்தார். யான் அருகே அமர்ந்து, விடுதி முற்றத்தில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் கைவேலையை நிறுத்தவில்லை.

"ஏறுதவனுக்குக் காலு வழுக்கத்தான் செய்யும், ஐயா. பிடியை விட்டுரக் கூடாது" என்றார். பிறகு உள்ளே சென்று, துருவேறாமல் எண்ணெய் தடவி வைத்திருந்த அரிவாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

நெடும்பனை ஏற எனக்குத் தெரியாது. தேரியோரத்தில் ஆளுயரத்திற்குச் சற்று மேலாக வளர்ந்த வடலிகள் நின்றன. "ஒரு வடலிக்கு ஒரு குருத்துக்கு மேல எடுக்காத, அதுவும் பிழைக்கணும்" என்று தாத்தா கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். மட்டையின் கருக்கு என் இரு கைகளையும் கிழித்தது. இருட்டுவதற்குள் சபைக்குப் போதுமான குருத்துகள் சேர்ந்தன. மறுநாள் பவனியில் தாத்தா தம் ஓலையைப் பிடித்துக்கொண்டு என்னோடு நடந்தார்.

பனை நம் மாநிலத்தின் மரம். அதை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இவை மகிழ்தற்குரியன. செங்கற்சூளைக்கு விறகாகப் பனைகள் பெருவாரியாய் வீழ்ந்த பின்னரேனும் இக்காவல் வந்ததே. ஆனால் மரத்தைச் சட்டம் காக்கலாம். ஏறுகிறவனின் பேரனுக்கு வரும் வெட்கத்தை எச்சட்டம் நீக்கும்? அவ்வெட்கம் உள்ளவரையில் பனை நிற்கும். பாளை சீவ ஆளிராது.

நண்பர்காள், நும் ஊர்களிலும் கோபுரங்கள் உண்டு, அவற்றைக் காணுங்கள். அவற்றின் நிழலில் காய்த்துப்போன கைகளும் உண்டு. அவை யாருடையவை என்று எவரேனும் கேட்டால் தயங்காமல் உறவு சொல்லுங்கள். அடுத்த மாதம் தாத்தா மீண்டும் நம் விடுதிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முற்றத்தில் இருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் அவரை அறிமுகம் செய்து வைப்பேன்.