பழைய ஸ்கிட்டருக்கு ஒரு பதிவேடு

காட்டில் மரத்தை வெட்டிச் சாய்ப்பது பாதி வேலைதான். சாய்த்த மரத்தை லாரி நிற்கும் சாலை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்காக மனிதன் படாத பாடு பட்டிருக்கிறான். நம் பக்கத்து மலைகளில் யானை இழுத்தது. பிரான்சில் குதிரை இழுத்தது. குதிரையும் இறங்க முடியாத சரிவுகளில் மனிதனே இறக்கினான்.

பிரான்சின் கிழக்கே உள்ள வோஜ் மலையில் இதற்கென்று ஒரு சறுக்குவண்டி வைத்திருந்தார்கள். அதன் பெயர் ஷ்லித். சரிவில் ஏணிப் படிகள் போலக் கட்டைகளைக் குறுக்கே பதித்துப் பாதை போடுவார்கள். வண்டி நிறைய மரத்தை ஏற்றிவிட்டு, ஒரு ஆள் அதன் முன்னால் நின்று, முதுகால் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, கால்களைக் கட்டைகளில் ஊன்றி ஊன்றி இறங்குவான். பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது. அவன் கால்கள்தான் பிரேக். ஒரு கால் வழுக்கினால் வண்டி அவன் மேலேயே ஏறிவிடும். அப்படிப் போனவர்கள் பலர். மூன்ஸ்டர் பள்ளத்தாக்கில் முல்பாக் என்ற ஊரில் இந்த வண்டிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மூன்ஸ்டர் பக்கம் போகிறவர்கள் அவசியம் பார்க்கலாம்.

இந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றியதுதான் ஸ்கிட்டர். 1960களில் கனடா, அமெரிக்கா காடுகளில் பரவி, பிறகு ஐரோப்பாவுக்கும் வந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் வுட்ஸ்டாக் என்ற ஊரில் தயாரான டிம்பர்ஜாக், 1965இல் ஜான் டியர் கொண்டுவந்த 440 ஆகியவை அந்தக் காலத்தில் பேர் பெற்றவை. (பின்னாளில், 2000ஆம் ஆண்டில், டிம்பர்ஜாக் நிறுவனத்தையே ஜான் டியர் வாங்கிவிட்டது.)

பார்ப்பதற்கு அது டிராக்டர் போலவும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். நான்கு சக்கரங்களும் ஒரே அளவு, நான்கும் இழுக்கும். உடம்பு நடுவில் இரண்டாகப் பிரிந்து, மேலும் கீழுமாக இரண்டு தடித்த பின்களால் இணைந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பாது. ஹைட்ராலிக் சிலிண்டர்கள் தள்ள, உடம்பே இடுப்பில் மடங்கும். அதனால்தான் மரங்களுக்கு நடுவே புகுந்து புறப்பட முடிகிறது. முன்னால் ஒரு பிளேடு, பின்னால் ஒரு வின்ச். வின்ச்சின் இரும்பு வடத்தை இழுத்துப் போய், மரங்களின் நுனியில் சுருக்குப் போட்டு, ஒருசேர இழுத்து, முனைகளை மட்டும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு தரதரவென்று இழுத்து வரும். எடை ஆறேழு டன் இருக்கும்.

நம் ஊரில் பலர் வீட்டைப் போல என் வீட்டிலும் ஒரு பிள்ளை பிரான்சில். மகள் குடும்பம் சேன்தியே பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு கோடையில் மூன்று மாதம் அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நாற்பது ஆண்டுகள் காட்டில் மரம் இழுத்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான். அவருடைய கொட்டகையில் எட்டு ஆண்டுகளாக அசையாமல் ஒரு பழைய டிம்பர்ஜாக் நின்றிருந்தது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்குப் பேச்சில் சிரமம் இல்லை. முதல் வாரம் "முசே" என்றும் "நீங்கள்" என்றும் தள்ளி நின்றவர், மூன்றாவது வாரம் "நீ" என்று இறங்கிவிட்டார்.

1999 டிசம்பர் 26ஆம் தேதி லோத்தார் புயலும், அடுத்த நாளே மார்த்தேன் புயலும் பிரான்சை அடித்தது வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். சுமார் 14 கோடி கன மீட்டர் மரம் விழுந்தது. அவர் வசிக்கும் பகுதிக்கும் பலத்த அடி. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இந்த வண்டி ஞாயிற்றுக்கிழமை தவிர நின்றதே இல்லை என்றார். அதை ஓட்டித்தான் மகளைப் படிக்கவைத்தார், வீட்டைக் கட்டினார். அந்த மகளேதான் இப்போது, "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் அப்பா, இடமாவது மிஞ்சும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் போடாததற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. பிரான்சின் காடுகளில் முக்கால் பங்கு தனியாருடையது; அதில் சின்னச் சின்னத் துண்டுகள் ஏராளம். இவருக்கும் நாலு ஹெக்டேர் இருந்தது. 2018 கோடையின் வெப்பத்துக்குப் பிறகு ஸ்ப்ரூஸ் மரங்களில் பட்டைவண்டு புகுந்துவிட்டது. பட்டைக்கு அடியில் முட்டையிட்டுக் குடைந்து, மரத்தை நின்ற நிலையிலேயே கொன்றுவிடும். தாக்கிய மரத்தை வண்டு பறப்பதற்குள் வெட்டி வெளியே கொண்டுபோகாவிட்டால் அடுத்த மரம் போகும். ஆனால் முப்பது நாற்பது மரத்துக்காகப் பெரிய இயந்திரக்காரர்கள் வருவதில்லை. வண்டி ஓடினால் காடு பிழைக்கும். இல்லாவிட்டால் பக்கத்துக் காட்டுக்கும் சேர்த்து நஷ்டம்.

ஓட்டுவதற்கு ஆளும் இருந்தான். அவருடைய தம்பியின் பேரன், இருபத்து மூன்று வயது, நல்ல பையன், கைவேலை தெரிந்தவன். வேலை தொடங்கிய முதல் நாளே நான்கு டப்பா பெயின்டோடு வந்து இறங்கினான். பெரியவர் அந்த டப்பாக்களை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "இதற்கு முறை வரும்போது சொல்கிறேன்" என்றார்.

பிறகு என்னிடம், "நீ அரசாங்க குமாஸ்தா. இந்த வண்டிக்கு ஒரு கோப்பு போடு" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் மூன்று பத்தி பிரித்தேன். முதல் பத்தி, ஆளைக் கொல்லக்கூடியது. இரண்டாவது, வண்டியை நிறுத்தக்கூடியது. மூன்றாவது, பார்க்க நன்றாக இல்லாதது. எந்தக் குறையைக் கண்டாலும் முதலில் எந்தப் பத்தி என்று முடிவு செய்ய வேண்டும். முதல் பத்தி முழுக்கத் தீராமல் இரண்டாவதில் கை வைக்கக் கூடாது. முப்பத்தைந்து ஆண்டுகள் பதிவேடு எழுதியிருக்கிறேன். இவ்வளவு தெளிவான பத்தித் தலைப்புகளை எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

முதல் பத்தியின் முதல் வரி இடுப்பு இணைப்பு. அந்த இரண்டு பின்களும் தினமும் கிரீஸ் கேட்கும். கிரீஸ் காணாத புஷ் தேய்ந்து, துளை முட்டை வடிவமாகிவிடும். முன் பிளேடைத் தரையில் அழுத்தினால் வண்டியின் முன்பாதி எழும்பும். அப்போது இணைப்பில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று தள்ளி நின்று பார்த்தாலே தேய்மானம் தெரிந்துவிடும். இதில் நன்றாகவே விழுந்தது. துளையை வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடி வட்டமாகக் கடைந்து, புதுப் பின்னும் புஷ்ஷும் போட வேண்டியதாயிற்று. அதற்கென்று கையடக்கக் கடைசல் இயந்திரத்தோடு வீட்டுக்கே வரும் ஒருவரைக் கூப்பிட்டார்கள். செலவில் பெரிய செலவு அதுதான்.

அந்த இடுப்புக்குள் கை வைப்பதற்கு முன் பெரியவர் ஒவ்வொரு தடவையும் ஓர் இரும்புத் தண்டைக் குறுக்கே மாட்டி இரண்டு பாதிகளையும் பூட்டினார். இன்ஜின் ஓடவில்லை, சாவி அவர் சட்டைப் பையில், அப்போதும் பூட்டினார். பையன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை.

"உன் தாத்தா கீழ்ப் பின்னுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். மேலே இருந்தவன் ஸ்டியரிங்கைத் தொட்டான். ஒரு சாண் தூரம்தான் திரும்பியது" என்றார். "அது வேறு வண்டி. ஆனால் தண்டு அதற்கும் இருந்தது, பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு."

பையனின் தாத்தாவுக்கு இடது கால் இல்லை என்பது ஊருக்கே தெரியும். காட்டு விபத்து என்று மட்டும்தான் பையன் கேள்விப்பட்டிருந்தான். அன்றைக்குப் பிறகு தண்டு மாட்டுவதை அவனே தன் வேலையாக எடுத்துக்கொண்டான்.

முதல் பத்தியில் இன்னும் பல இருந்தன. வின்ச் வடத்தை முழு நீளமும் இழுத்துப் போட்டு, தடித்த தோல் கையுறையோடு பார்த்தார்கள். அறுந்த கம்பிகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்த பகுதி நிறைய இருந்ததால் வடத்தையே மாற்றினார்கள். இழுவையில் வடம் அறுந்தால் சாட்டைபோல வீசும். அதற்காகத்தான் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் கம்பி வலை. அதன் வெல்டிங்கையும், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கூண்டின் கால்களையும் அங்குலம் அங்குலமாகத் தேய்த்து விரிசல் தேடினார்கள். சீட் பெல்ட் புதிது, பிரேக் புதிது. ஹைட்ராலிக் குழாய்கள் எல்லாம் புதிது. குழாயில் கசிவு தேடும்போது விரலால் தடவவே கூடாது என்பது அன்று நான் கற்றது. ஊசித் துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போய்விடலாம். ஓர் அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

வயிற்றுக்கு அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றியபோது இரண்டு கூடை ஊசியிலையும் எண்ணெய்க் கசடும் விழுந்தன. சூடான இன்ஜினுக்குக் கீழே அது அடுப்புக்கு வைத்த விறகு மாதிரி. இதையும் நான் முதல் பத்தியில்தான் எழுதினேன்.

இன்ஜினுக்கு இரண்டு பத்தியிலும் இடம் கிடைத்தது. அது டெட்ராய்ட் டீசலின் 3-53. மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றும் 53 கன அங்குலம். டீசலிலேயே டூ-ஸ்ட்ரோக். சிறிய இன்ஜின், ஆனால் போடும் கூச்சல் ஊரைக் கூட்டும். அதற்குப் பலதர ஆயில் ஆகாது, ஒற்றைத் தர 40 எண் ஆயில்தான் வேண்டும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். டீசல் தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள், வடிகட்டிகளை மாற்றினார்கள். இதெல்லாம் இரண்டாவது பத்தி.

முதல் பத்தியில் வந்தது வேறு விஷயம். நெடுநாள் நின்ற இந்த வகை இன்ஜினில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் தண்டு 'முழு எரிபொருள்' நிலையிலேயே இறுகி நின்றிருக்கலாம். அப்படியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும். நிறுத்தும் குமிழை இழுத்தாலும் நிற்காது. தானே உடைந்து சிதறும் வரை ஓடும். காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி. அதனால் மேல் மூடியைக் கழற்றி, அந்தத் தண்டு தடையில்லாமல் நகர்கிறதா என்று முதலில் கையால் பார்த்தார். பிறகு காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு, பையன் கையில் தடித்த ஒட்டுப்பலகை ஒன்றைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். "நான் கத்தினால் வாயை அடை. கையை மட்டும் வைக்காதே, இழுத்துவிடும்." என்னைக் கொட்டகைக்கு வெளியே, சுவருக்குப் பின்னால் போகச் சொன்னார்.

எட்டு ஆண்டு தூக்கம். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. கரும்புகை, பிறகு அந்தக் கூச்சல், பிறகு ஒரே சீராக அடங்கியது. பலகைக்கு வேலை வரவில்லை. பெரியவரின் மகள் சமையலறையிலிருந்து வெளியே வந்து வாசலில் நின்றார். அந்தச் சத்தத்தில்தான் அவர் வளர்ந்திருக்கிறார். இரும்புக்குப் போடும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

நான் செப்டம்பரில் ஊருக்குத் திரும்பினேன். அந்த இலையுதிர் காலத்திலேயே வண்டு விழுந்த ஸ்ப்ரூஸ் மரங்களைப் பையன் வெளியே கொண்டுவந்துவிட்டான். பக்கத்துத் துண்டுக்காரர் இருவரும் கூப்பிட்டார்கள். என் நோட்டு இப்போது அவனிடம் இருக்கிறது. தினமும் காலையில் கிரீஸ் வைத்ததும் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறான் என்று மகள் சொல்கிறாள். பெயின்ட் டப்பாக்கள் மட்டும் இன்னும் மேல்தட்டிலேயே இருக்கின்றனவாம். தகரத்தின் பள்ளங்களும் துருவும் அப்படியே.

பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்கிறவர்களின் படங்களைப் பார்க்கும்போது பளபளப்புதான் முதலில் கண்ணில் படும். ஆனால் அந்தப் பளபளப்பு இடுப்புப் பின்னின் தேய்மானத்தைச் சொல்லாது. பல சமயம் மறைக்கவும் செய்யும். புதுப் பெயின்டுக்கு அடியில் விரிசல் தெரியாது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க என் மகன் ஆள் பேசினான். நான் ஒரு தாளில் மூன்று பத்தி பிரித்துக் கொடுத்தேன். குளியலறையில் பிடித்து எழக் கைப்பிடி, மாடிப்படியில் விளக்கு, மோட்டார் சுவிட்சில் தொட்டால் அடிக்கும் ஷாக். மூன்றும் முதல் பத்தி. வெள்ளையடிப்பு சித்திரைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.