கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதால், நெடுநாளாக எழுத எண்ணியிருந்த ஒன்றை எழுத இன்று நேரம் கிட்டியது. இது நீச்சலைப் பற்றியது. ஆனால் நீந்தும் முறையைப் பற்றியதன்று.

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, மாசாய் வட்டாரத்தில் வாழும் பெற்றோர் சிலர் ஒன்றுகூடிப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு நீச்சல் கழகத்தை நடத்தி வருகின்றனர். சனிக்கிழமை காலையில் பொதுக் குளத்தில் பயிற்சி. எங்கள் பள்ளி மாணவர்களும் செல்வதால் பொறுப்பாசிரியையாக நானும் உடன் செல்கிறேன். (எனக்கு நீந்தத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.) நம் பள்ளிகளில் நீச்சல் குளம் ஏது? 2009 அக்டோபரில் பேராக், கம்பாரில் பள்ளி முகாமுக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தொங்குபாலம் அறுந்து ஆற்றில் விழ, மூன்று மாணவியர் உயிரிழந்தனர். அதன்பின் "என் பிள்ளைக்கு நீச்சல் தெரிய வேண்டும்" என்று சொன்ன தாய்மார்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். ஆகவே இத்தகைய கழகங்கள் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஈராண்டுகளுக்கு முன் ஒரு தந்தை தம் மகளைச் சேர்க்க அழைத்து வந்தார். ஐந்தாம் ஆண்டு மாணவி. பயிற்றுநரின் கையைப் பற்றிக்கொண்டு, "கோச், இனி இவள் உங்கள் பிள்ளை. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது என் தாத்தாவும் இதையேதான் சொன்னாராம். ஆசிரியர் மீது வைத்த நம்பிக்கையின் அடையாளமாகவே அதைக் கருதி வந்திருக்கிறோம். தோளில் துண்டைப் போர்த்தியபடி அருகில் நின்ற அச்சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தேனா, பின்னர் நினைவில் சேர்த்துக்கொண்டேனா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. வட்டாரப் போட்டி நெருங்கியது. பயிற்றுநர் ஒரு தராசைக் கொண்டுவந்து குளக்கரையில் வைத்தார். பிள்ளைகள் வரிசையாக ஏறி நின்றனர். ஒவ்வொருவரின் எடையையும் உரக்கப் படித்தார். அச்சிறுமியின் முறை வந்ததும், "இவளுக்கு இந்தக் குளம் போதாது, டெசாரு கடலுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்றார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். நான் வருகைப் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று வாரங்கள் அவளுக்கு வயிற்று வலி. நான்காம் வாரம், பள்ளி நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். முதலில் வயிற்று வலி என்றே சொன்னாள். பிறகு, "நான் இனி வரலை, டீச்சர்" என்றாள். வீட்டில் சொன்னாயா என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. "அப்பாகிட்ட எப்படிச் சொல்றது, டீச்சர்? அவர்தான் அன்னிக்கே கோச்கிட்ட சொல்லிட்டாரே."

அத்தந்தை சொன்ன சொல்லை நாங்கள் நம்பிக்கை என்று கேட்டோம். இனி இவர் என்ன செய்தாலும் வீட்டில் முறையிட இடமில்லை என்று குழந்தை கேட்டிருக்கிறாள்.

அப்பயிற்றுநர் கெட்டவர் அல்லர். ஊதியம் பெறாமல், தம் ஓய்வு நாளைத் தருகிறவர். தம் பயிற்றுநர் தம்மை நடத்தியவாறே பிள்ளைகளை நடத்தினார். அவர் செய்தது நாகடக்கம் இல்லாத பிழை. எனினும் அவ்விரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் இடத்தில் உண்மையிலேயே தீயவர் ஒருவர் நின்றிருந்தால், அவருக்கும் அதே தந்தை அதே சொல்லைத்தானே சொல்லியிருப்பார்? அதே குழந்தை அதே போலத்தானே வாய் மூடியிருப்பாள்?

இது வீண் அச்சமன்று. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பிரிட்டன் நீச்சல் அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் பால் ஹிக்சன். தம்மிடம் பயின்ற பதின்ம வயதுச் சிறுமியரிடம் அவர் பல்லாண்டுகளாகப் பாலியல் குற்றங்கள் புரிந்தது மெய்ப்பிக்கப்பட்டு, 1995இல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வழக்கு தந்த அதிர்ச்சிக்குப் பின், 2001இல் விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென்றே அங்கு ஒரு தனிப் பிரிவு தோன்றியது. அமெரிக்காவில் சீருடற்பயிற்சி அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசரைப் பற்றி 1997இலேயே ஒரு சிறுமி தன் பயிற்றுநரிடம் சொல்லியிருக்கிறாள். அவருடைய குற்றங்கள் உலகுக்குத் தெரிந்தது 2016இல்தான். சில வேளைகளில் பெற்றோர் அதே அறையில் அமர்ந்திருக்கும்போதே அவர் குற்றம் புரிந்தார் என்பதைப் படித்தபோது கை நடுங்கியது. தமிழ்நாட்டிலும் 2021 மே மாதத்தில், சென்னையில் தடகளப் பயிற்றுநர் ஒருவர் போக்சோ சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். ஒரு வீராங்கனை புகார் அளிக்கத் துணிந்த பின்னரே மற்றவர்களும் முன்வந்தனர்.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், அதாவது சட்டம் 792, இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரும் அச்சட்டத்தின் பார்வையில் சிறார்களே. தீய நோக்கத்துடன் ஒரு சிறுவரிடம் பேசிப் பழகி நம்பிக்கையைப் பெறுவதே குற்றம். உடலைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. ஆசிரியர், பயிற்றுநர் போன்று நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் குற்றம் புரிந்தால் கூடுதல் தண்டனை உண்டு. ஆசிரியர்கள் பலர் அறியாத ஒன்று: இத்தகைய குற்றம் நிகழ்வதை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பவருக்கு ஐயாயிரம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்பது சட்டத்தின் முன் நிற்காது. தாலியான் காசே 15999 என்ற எண்ணைப் பிள்ளைகளின் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பயிற்றுநரிடம் நான் தனியே பேசினேன். முதலில் அவர் முகம் சிவந்தது. "என்னைச் சந்தேகப்படுறீங்களா, டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். குளக்கரையில் உயிர்காப்பாளர் அமர்ந்திருப்பது எந்தப் பிள்ளையையும் சந்தேகித்து அன்று என்றும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் போய்விட்டார். மறுவாரம் தராசைக் காணவில்லை.

பின்னர்ப் பெற்றோர் அனைவரும் ஓர் ஒட்டுக்கடையில் கூடினோம். எடை, உடல் பற்றிய பேச்சைக் குளக்கரையில் அடியோடு நிறுத்துவது, உடை மாற்றும் அறைக்குள் கைப்பேசியை எடுத்துச் செல்லாதது, பயிற்றுநர் ஒரு பிள்ளைக்குத் தனியே புலனத்தில் செய்தி அனுப்பாமல் பெற்றோரும் உள்ள குழுவிலேயே அனுப்புவது ஆகியவை எளிதில் முடிவாயின. மாதவிடாய் நாள்களில் வர இயலாத மாணவி காரணம் சொல்லத் தேவையில்லை என்று ஒரு தாய் சொன்னபோது ஆண்கள் மேசையைப் பார்த்துக்கொண்டனர், மறுப்பு எழவில்லை. நீச்சலுடையில் பிள்ளைகளைப் படம் பிடித்து முகநூலில் இடக்கூடாது என்றபோதுதான் சலசலப்பு. இடுகிறவர்கள் பெற்றோர்களே அல்லவா!

ஆனால் மகிழுந்துதான் பெருஞ்சிக்கல். எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவருடன் தனியே பயணம் செய்யக்கூடாது என்று நான் முன்மொழிந்தேன். ஒரு தாய் எழுந்தார். கணவர் விடியற்காலை நான்கு மணிக்கே பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்குச் செல்கிறார். தமக்குச் சனிக்கிழமையும் தொழிற்சாலையில் வேலை. கோச் ஏற்றிவராவிட்டால் மகனுக்கு நீச்சலே இல்லை. "சட்டம் போடுறது சுலபம், டீச்சர். என் பிள்ளையை யார் கூட்டிட்டு வருவாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஜொகூரில் இப்படி வாழும் குடும்பங்கள் ஒன்றிரண்டா? இப்போது இரண்டு வீட்டார் முறை வைத்து அப்பையனைத் தங்கள் பிள்ளைகளோடு அழைத்து வருகின்றனர். சில வாரங்கள் அதுவும் தவறிவிடுகிறது. அன்று அவன் வருவதில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அச்சிறுமியின் தந்தையிடம் அவள் அனுமதியோடு பேசினேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "எங்கப்பா என்னைச் சேர்க்கும்போது சொன்னதைத்தான் சொன்னேன், டீச்சர்" என்றார்.

அவள் இரண்டு மாதங்களுக்குப் பின் நீண்ட கையுடைய நீச்சலுடை அணிந்து வந்தாள். வாயிலில் தந்தை பயிற்றுநரிடம் தலையசைத்துவிட்டு, மகளின் பக்கம் திரும்பி, "ஏதும்னா வந்து என்கிட்ட சொல்லு" என்றார். அவள் சரியென்று தலையாட்டினாள். உள்ளே வந்ததும் குளக்கரை முழுவதையும் ஒருமுறை கண்ணால் தேடினாள்.

"தராசு எங்கே, டீச்சர்?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.