கேரவனில் அம்மா அப்பாவோடு நியூசிலாந்து: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

1. கேரவன்னு சொன்னதும் நம்ம ஊர்ல ஞாபகத்துக்கு வர்றது ஷூட்டிங்ல நடிகர்கள் உட்கார்ற ஏசி வண்டி. நான் சொல்லப்போறது வேற. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, நாமே ஓட்டிட்டுப் போற வாடகை வேன். வர்ற ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோடு நியூசிலாந்து போகத் திட்டம். அரசு மருத்துவர் சம்பளத்துல இது எப்படி முடியும்னு நிறைய பேர் கேட்டீங்க. அதுக்குத்தான் இந்த நீண்ட இழை.

2. ஏன் கேரவன்? அப்பா, அம்மா இருக்கறது களமருதூர்ல. அம்மாவுக்குப் பத்து வருஷமா சர்க்கரை, இப்போ ரெண்டு வேளை இன்சுலின். அப்பாவுக்கு பிராஸ்டேட் வீக்கம், ராத்திரி மூணு நாலு தடவை எழுந்திருக்கணும். "ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காதுப்பா, பஸ்ல போனா பாத்ரூம் கஷ்டம், நீங்க போயிட்டு வாங்க." எங்கே கூப்பிட்டாலும் இதுதான் பதில். கேரவன்ல சமையலறையும் கழிப்பறையும் கூடவே வருது. மறுக்க அவங்களுக்குக் காரணம் இல்லாமப் போச்சு.

3. முதல்ல ஒரு உண்மை. ரெண்டு பேர் மட்டும்னா கேரவன் மலிவு கிடையாது. சின்ன காரும், அங்கங்கே ஹாலிடே பார்க் கேபினும் எடுத்தா செலவு குறையும். நாங்க ஐந்து பேர். ஓட்டல்னா தினமும் ரெண்டு ரூம், மூணு வேளையும் வெளிச் சாப்பாடு. ஒரு நியூசிலாந்து டாலர் சுமார் 50 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, ஒரு காப்பியே 250 ரூபாயைத் தாண்டும். ஆள் கூடக் கூடத்தான் கேரவன் லாபம்.

4. மிச்சம் பிடிக்கிற முதல் இடம், காலம். அங்கே டிசம்பர், ஜனவரி கோடை. வாடகை உச்சத்துல இருக்கும். நம்ம பள்ளிகளுக்குப் பெரிய லீவு விடும்போது அங்கே இலையுதிர் காலம். வாடகை நல்லா இறங்கிடும். ஈஸ்டரையும் அவங்க ஏப்ரல் பள்ளி விடுமுறையையும் மட்டும் தவிர்த்துடுங்க.

5. ரெண்டாவது, பாதை. வடக்குத் தீவு, தெற்குத் தீவு ரெண்டையும் பார்க்க ஆசைப்பட்டா, வண்டியோட கப்பல் ஏறணும். அது தனிச் செலவு. நாங்க தெற்குத் தீவு மட்டும். சென்னை, சிங்கப்பூர், கிறைஸ்ட்சர்ச். அங்கிருந்து டெகாபோ ஏரி ஏறக்குறைய கள்ளக்குறிச்சியில் இருந்து சென்னை வர்ற தூரம்தான். அடுத்து 3,724 மீட்டர் ஆவோராகி மலை அடிவாரம். அவ்வளவு பார்த்தாலே போதும். டீசல் வண்டிக்கு அங்கே கிலோமீட்டர் கணக்குல சாலைக் கட்டணம் தனியா உண்டு. வாடகை பேசும்போதே அது சேர்த்தியான்னு கேட்டுக்கோங்க.

6. மூணாவது, ராத்திரி நிறுத்தம். அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை 200-க்கும் மேற்பட்ட முகாம் இடங்களை நடத்துது. சில இடம் இலவசம், பல இடங்கள்ல ஆளுக்குச் சுமார் 10 முதல் 20 டாலர். ஆனா கண்ட இடத்துல நிறுத்தித் தூங்க முடியாது. 2023-ல் வந்த சட்டப்படி, வண்டிக்குள்ளேயே பொருத்தின கழிப்பறை இருந்து, பச்சை வில்லை ஒட்டியிருந்தாத்தான் அனுமதிச்ச பல இடங்கள்ல தங்கலாம். மீறினா 400 டாலர்ல இருந்து அபராதம்.

7. "அந்தக் கழிவுத் தொட்டியை யாரு சுத்தம் பண்ணுவா?" இது அப்பா கேட்ட முதல் கேள்வி. நாமதான்பா. கழட்டி எடுத்துட்டுப் போய், அதுக்குன்னு இருக்கிற இடத்துல கொட்டிக் கழுவிட்டு வரணும். அங்கே எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "நம்மளோடதுதானே" என்றார்.

8. நாலாவது, சாப்பாடு. அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிறைஸ்ட்சர்ச் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கும். இங்கிருந்து எந்த உணவு கொண்டு போனாலும் விமான நிலையப் படிவத்துல சொல்லியாகணும். சொல்லாமப் பிடிபட்டா 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், தேன் வேண்டவே வேண்டாம். செருப்புல ஒட்டின மண்ணைக்கூடப் பார்ப்பாங்க. வயல்ல போட்டு நடந்த செருப்பைக் களமருதூரிலேயே விட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்.

9. இளைஞர்களுக்கு ஒரு வழி. பலரும் ஆக்லாந்துல வண்டி எடுத்துத் தெற்கே விட்டுட்டுப் போவாங்க. அதைத் திரும்ப வடக்கே கொண்டு சேர்க்க நாளுக்கு ஒரு டாலருக்குக்கூட வண்டி கிடைக்கும். ஆனா நாலைந்து நாள் கெடு இருக்கும். பெரியவங்களோட அந்த ஓட்டம் ஆகாது.

10. இதுக்கு ஒத்திகை கல்வராயன் மலையில. கரியாலூர்ல ரெண்டு ராத்திரி. ஒரே அடுப்பு, மூணு பாத்திரம், ஆளுக்கு ஒரு சின்னப் பை. கரண்ட் போனப்போ இன்சுலினை ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள்ள வெச்சோம். பானை போதும்னு அம்மாவுக்குத் தைரியம் வந்துச்சு. அப்பா படுக்கை கழிப்பறைப் பக்கம் இருக்கணும், மேல் படுக்கை பையனுக்கும் எனக்கும் என்பதும் அங்கேதான் முடிவாச்சு. கேரவன் எடுக்க நினைக்கிறவங்க இப்படி ரெண்டு ராத்திரி உள்ளூர்ல தங்கிப் பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

11. இனி மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள். முதல்ல இன்சூரன்ஸ். நியூசிலாந்துல 1974-ல் இருந்து ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் உண்டு. கீழே விழுந்து எலும்பு முறிஞ்சா சுற்றுலாப் பயணிக்கும் சிகிச்சைச் செலவுல உதவும். ஆனா அது விபத்துக்கு மட்டும். மாரடைப்பு, நிமோனியா, சர்க்கரை ஏறி அட்மிட் ஆகறதெல்லாம் அதுல வராது; முழு பில்லும் நம்ம தலையில. நம்ம ஜிஎச் மாதிரி யார் வந்தாலும் இலவசம்னு நினைச்சுடாதீங்க.

12. பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர், பழைய ஸ்டென்ட் எதையும் மறைக்காதீங்க. மறைச்சா க்ளெய்ம் நிராகரிக்கப்படும். பல பாலிசிகள் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு உயிராபத்து நிலையில் மட்டும்தான் பணம் தரும். அந்த ஒரு வரியைத் தேடிப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

13. ரெண்டாவது, குளிர். மே மாசத்துல அங்கே ராத்திரி உறைநிலைக்குப் போகும். காசு மிச்சம்னு காஸ் அடுப்பைப் பற்றவெச்சு வண்டியைச் சூடாக்கவே கூடாது. கொடைக்கானல், ஊட்டியில் அறைக்குள்ள கரி அடுப்பு வெச்சுத் தூங்கினவங்க இறந்த செய்தி படிச்சிருப்பீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டியில எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல்னா உடனே வெளியே வாங்க. கடுங்குளிர் ராத்திரிகள்ல மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க்குக்குப் பணம் கொடுத்துடுங்க. ஹீட்டரும் ஓடும், வெந்நீர்க் குளியலும் கிடைக்கும்.

14. மூணாவது, தூக்கம். விமானம் இறங்கின அன்னிக்கே வண்டி எடுக்காதீங்க. முதல் ராத்திரி ஒரு மோட்டல். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டணும், ஆனா பல பாலங்கள் ஒருவழி. வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் படுக்கக் கூடாது, எல்லாருக்கும் பெல்ட். ஏழு வயசுக்குக் கீழே குழந்தை இருக்கை கட்டாயம்.

15. இன்சுலின் போடறவங்களுக்கு. மருந்தும் ஊசியும் கைப்பையில. கீழே போற லக்கேஜ்ல போட்டா உறைஞ்சு வீணாகலாம். ஆங்கிலத்துல மருந்துச் சீட்டு, மருந்து அதன் சொந்த அட்டையிலேயே, மூணு மாசத்துக்கு மேல வேண்டாம். மே மாசத்துல அங்கே நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னாடி. போய் இறங்கினதும் அந்த ஊர்க் கடிகாரப்படி அப்படியே போட்டா ரெண்டு ஊசிக்கும் இடைவெளி குறைஞ்சு லோ சுகர் ஆகலாம். அந்த முதல் நாள் டோஸை உங்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே எழுதி வாங்கிக்கோங்க.

16. காகிதங்கள். ஆங்கிலத்துல இருக்கிற நம்ம லைசென்ஸ் அங்கே செல்லும். ஆனாலும் ஆர்டிஓ-வில் 1,000 ரூபாய்க்குக் கிடைக்கிற சர்வதேச பர்மிட் கையில் இருக்கட்டும். அரசு ஊழியர்னா வெளிநாட்டுப் பயண அனுமதிக்கும் ஈட்டிய விடுப்புக்கும் மாசக்கணக்குல முன்னாடியே எழுதிக் கொடுங்க. பட்டா, சிட்டாவை விசாவுக்கு வெச்சா ஆங்கில மொழிபெயர்ப்போட வைங்க. வண்டி எடுக்கும்போது பல ஆயிரம் டாலரை கிரெடிட் கார்டுல பிடிச்சு வைப்பாங்க. கார்டு லிமிட்டை இப்பவே பார்த்துக்கோங்க.

17. இவ்வளவும் எழுதக் காரணம் நியூசிலாந்து இல்லை. ஓபி-யில் தினமும் பார்க்கிறேன். அறுபது தாண்டினவங்க, சர்க்கரை இருக்கு, அடிக்கடி யூரின் வருதுன்னு சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக்கூடப் போறதை நிறுத்திடறாங்க. நாமும் "வயசாச்சு, அவங்களுக்கு முடியாது"ன்னு விட்டுடறோம். முடியாதது பயணம் இல்லை. பக்கத்துல கழிப்பறையும், நேரத்துக்குச் சாப்பாடும், கெடாம மருந்தும் இருந்தா அவங்களால வர முடியும்.

18. பணம் சேரலைன்னா பரவாயில்லை, கல்வராயன் மலை இங்கேதான் இருக்கு. "ஏன் வரமாட்டேங்கறீங்க"ன்னு உங்க அப்பா, அம்மாகிட்ட ஒருதடவை விவரமா கேளுங்க. பதில்ல பாதி, மருத்துவத்துல தீர்க்கக்கூடியதா இருக்கும். அதைக் கீழே எழுதுங்க, தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.